வண்டியூட்டுக்கு ஏசி டெஸ்ட்டு

ஒரு சின்ன ரூம ஜில்லுனு வெக்கிறதுக்கு எத்தினி கையெழுத்து வேணும்னு நெனைக்கிறீங்க?

ஒண்ணும் வேணாம், சுச்சு போட்டா போதும்னுதான சொல்வீங்க? நானும் அப்டிதான் நெனச்சிகினு இருந்தேன். முப்பத்தியேழு வேணும். எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன்.

இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, இப்ப நான் கீறது குஜராத்து பக்கம், ஒரு உப்பு கம்பெனில. ரூம்ல கூட இருக்கறவன் ஒடியாக்காரன். ஒரு நாள் இந்தக் கதைய அவனுக்கு சைகையிலயே சொல்லிப் பாத்தேன். நல்லா கேட்டான். கடைசில எனக்கு வயித்து வலின்னு நெனச்சு மாத்திரை குடுத்தான். அதான் எழுதிட்டேன்.

அப்ப நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல வஜ்ரபாகு போர்ஜிங்ஸ்னு ஒரு கம்பெனில காண்ட்ராக்டு எலக்ட்ரீசியன். பேரு அருணகிரி. நமக்கு ஊரு பழவேற்காடு பக்கம் நண்டுமேட்டு குப்பம். கம்பெனில இரும்ப பழுக்க காய்ச்சி அடிப்பாங்க. மே மாசத்துல ஃபர்னஸ் பக்கம் நின்னா சட்டை மேல உப்பு பூத்துடும். அங்க ஆளுங்களுக்கு ஒரு பெரிய ஃபேன் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபைல் போய்க்கினே கீதுன்னு சொல்வாங்க. எங்க போய்க்கினு கீதுன்னு யாருக்கும் தெரியாது.

அந்த நேரம் பாத்து எம்.டி. ஒரு கேரவன் வாங்கிட்டாரு. கட்டில், அடுப்பு, கக்கூசு, குளிக்கற கொழா எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி. சரக்கு எடுக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க கம்பெனிக்குள்ளயே தங்கிக்கலாமாம். நாங்க அதுக்கு வண்டியூடுன்னு பேரு வெச்சோம்.

எச்.ஆர். கல்பனா மேடம் என்ன கூப்ட்டாங்க.

"அருணகிரி, நீங்க மீன் பிடிக்கற குடும்பம்தானே? படகுல பேட்டரி இருக்கும்ல?"

"இருக்கும் மேடம்."

"படகு தண்ணியில போற வீடு மாதிரி. இது ரோட்டுல போற வீடு. ரெண்டும் ஒண்ணுதான். நீங்கதான் இன்சார்ஜ். லைசென்ஸ் இருக்கா?"

"லாரியே ஓட்டுவேன் மேடம்."

"அப்போ டிரைவரும் நீங்கதான்."

ரெண்டு பதவி ஒரே நிமிஷத்துல. டீ குடிச்சிட்டு வந்த மாதிரி வெளிய வந்தேன்.

வண்டியூட்டு கரண்டு விஷயம் ரொம்ப சுலபம். வெளிய ஒரு பிளக்கு. அது இல்லாட்டி உள்ள பேட்டரி. எதுவா இருந்தாலும் இன்வெர்ட்டர் வழியாதான் வரும். அது ரெண்டாயிரத்து ஐநூறு வாட்ஸ் தாங்கும். ஏசிக்கு ஆயிரத்து ஐநூறு. டீ போடற கெட்டிலுக்கு ஆயிரத்து ஐநூறு. ரெண்டையும் ஒண்ணா போட்டா பொட்டுனு புடுங்கிக்கும். அவ்ளோதான்.

ஒரு அட்டையில ஸ்கெட்ச் பேனாவால எழுதி கெட்டில் மேல ஒட்டுனேன்: 'ஏசி ஓடும்போது டீ போடாதே.' வெயில் ஏறதுக்கு முன்னாடியே ஏசி போட்டுடுவேன், சன்னலுக்கு தெர்மாகோல் வெச்சிடுவேன், வண்டிய வேப்ப மரத்துக்கு கீழ நிறுத்திடுவேன். ரெண்டு நாள் உள்ள போர்வ போத்திக்கினு உக்காரலாம், அப்டி இருந்துச்சு.

மூணாவது நாள் ஸ்ரீவத்ஸன் சார் வந்தாரு.

தரத்துறைக்கு அவருதான் தலை. திருவள்ளூர்க்காரர். நெத்தியில மெல்லிசா ஒரு கோடு, பாக்கெட்டுல நாலு கலர் பேனா. ரொம்ப நல்ல மனுஷன், யாரயும் திட்டவே மாட்டாரு. எழுதிக்குவாரு.

"யாருப்பா இத ஒட்டினது?"

"நான்தான் சார்."

"டாக்குமென்ட் நம்பர் எங்க?"

"அட்டை சார் அது."

"யார் அப்ரூவ் பண்ணா? எத்தனாவது ரிவிஷன்? எதுவரைக்கும் செல்லும்?"

"கெட்டில் ஒடையற வரிக்கும் சார்."

அவரு சிரிக்கல. செவுத்துல இருந்து பல்லிய எடுக்கற மாதிரி ரெண்டு விரலால அட்டைய உரிச்சி எடுத்தாரு. "நீ எழுதினது உண்மையாவே இருக்கலாம் அருணகிரி. ஆனா நம்பர் போடாத உண்மைய ஆடிட்டர் கிட்ட காட்ட முடியுமா சொல்லு?" அப்டின்னாரு. அதுக்கு நம்பர் வாங்கறதுக்கு அங்கயே, வண்டியூட்டுக்குள்ளயே, மீட்டிங் போட்டாங்க. ஸ்ரீவத்ஸன் சார், கல்பனா மேடம், சேஃப்டி ஆபீசர் ஜோஷ்வா சார், மூணு பேரு. மீட்டிங்னா டீ. அட்டைதான் இல்லயே, யாரோ கெட்டில போட்டாங்க.

பொட்டுனு போச்சு.

ஒடனே 'அஞ்சு ஏன்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எதுனா கெட்டுப் போச்சுன்னா அஞ்சு வாட்டி ஏன் ஏன்னு கேட்டுக்கினே போனா அடி வேரு கெடச்சிடுமாம். ஜோஷ்வா சார் போர்டுல எழுதுனாரு.

ஏன் ஏசி நின்னுச்சு? லோடு அதிகம். ஏன் லோடு அதிகம்? கெட்டில் போட்டாங்க. ஏன் கெட்டில் போட்டாங்க? டீ வேணும். ஏன் டீ வேணும்? மீட்டிங் நடக்குது. ஏன் மீட்டிங் நடக்குது? ஏசி நிக்காம இருக்கறதுக்கு.

எனக்கு உள்ள சிரிப்பு பொத்துக்கினு வருது. கல்லு மாதிரி நின்னேன்.

"மீட்டிங்க அடி வேருன்னு எழுத முடியாது," ஸ்ரீவத்ஸன் சார் சொன்னாரு. "மீட்டிங் இல்லன்னா நாம எதுக்கு?"

அது நல்ல கேள்வி. கடைசில 'ஆபரேட்டருக்கு பயிற்சி போதல'ன்னு எழுதி எனக்கு ஒரு நாள் பயிற்சி குடுத்தாங்க. பயிற்சி குடுத்தவரு, இன்வெர்ட்டர்னா இன்னான்னு கடைசி வரிக்கும் என்கிட்டதான் கேட்டுக்கினு இருந்தாரு.

அப்புறம் வந்துச்சு ப்ரொசீஜர். என் அட்டை நாப்பத்தியாறு பக்கம் ஆயிடுச்சு. அதுல பதினெட்டாவது பக்கம்தான் பேஜாரு. கரண்டு கம்மியா கீறப்ப எத காப்பாத்தறது, எத மொதல்ல நிறுத்தறதுன்னு ஒரு பட்டியல். நான் வாட்ஸ் வாரியா எழுதிக் குடுத்திருந்தேன். அவங்க பதவி வாரியா மாத்திட்டாங்க. எம்.டி.யோட செல்போன் சார்ஜர், பத்து வாட்ஸ், அத எந்த நெலமையிலும் நிறுத்தக் கூடாது. அடுத்தது ஜி.எம். போட்டோவுக்கு மேல எரியற லைட்டு. அடுத்தது தரத்துறை பிரிண்டர். இப்டியே எறங்கி எறங்கி, ஏசி மெயின்டெனன்ஸ் சொத்துன்றதால கடைசி. கக்கூசு லைட்டுக்கும் கீழ.

"சார், கரண்டு போனா ஏசியதான் மொதல்ல நிறுத்தணுமா? ஊடு ஜில்லுனு இருக்கணும்னுதான வண்டியே?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு ஒரு வரிசை இல்லாம எந்த நிறுவனமும் நடக்காதுப்பா."

ஏசிக்கு மரியாத போதலன்னா நான் இன்னா பண்ண முடியும்.

அதோட நிக்கல. வண்டி மேல சோலார் பலகை கீது. அதுக்கு 'பசுமைக் குழு'ன்னு தனி. அவங்க வண்டிய வெயில்ல நிறுத்தணும்னாங்க. 'குளுமைக் குழு' நெழல்ல நிறுத்தணும்னாங்க. நாலு நாள் பேசி ஒத்துமையா ஒரு முடிவுக்கு வந்தாங்க. பாதி வண்டி வெயில்ல, பாதி நெழல்ல. தரையில மஞ்ச பெயின்ட்டுல கோடு போட்டாங்க. சூரியன் அந்த கோட்ட மதிக்கல. நெழலு நவுற நவுற நான் வண்டிய ஒரு மொழம் முன்ன, ஒரு மொழம் பின்ன எடுத்துக்கினே இருந்தேன். பாக்கறவங்க நான் வண்டி ஓட்ட பழகறேன்னு நெனச்சாங்க.

இதுக்கு நடுவுல என் தங்கச்சி பிரேமாவுக்கு கல்யாணம். வெள்ளிக்கிழம காலைல ஆறரைக்கு மேல ஏழரைக்குள்ள முகூர்த்தம். எங்கப்பா இல்ல. பொண்ண கைபுடிச்சி மணவறைக்கு கூட்டினு போக அண்ணன் நான் ஒருத்தன்தான். ஒரு மாசம் முன்னயே லீவு எழுதிக் குடுத்தேன். கல்பனா மேடம் அந்த பேப்பர பாத்து வருத்தப்பட்டாங்க.

"நம்ம கம்பெனி ஒரு குடும்பம் அருணகிரி. குடும்பத்துல யாராவது லீவு கேப்பாங்களா?"

"குடும்பத்துலதான் மேடம் கல்யாணம்."

"அது உங்க குடும்பம். நான் நம்ம குடும்பத்த சொல்றேன்." அப்புறம் எரக்கப்பட்டு, "சரி, வண்டி டெஸ்ட்டு பாஸாகட்டும். அன்னிக்கே போங்க. பாஸாகலன்னா பாஸாகற வரைக்கும் ஆபரேட்டர் வண்டிய விட்டுப் போகக் கூடாது. ப்ரொசீஜர்ல இருக்கு" அப்டின்னாங்க.

டெஸ்ட்டு இன்னான்னா, நாலு மணி நேரம் வண்டிக்குள்ள இருபத்துநாலு டிகிரிக்கு மேல ஏறக் கூடாது. முப்பத்தியேழு கையெழுத்து அதுக்குதான்.

திங்கக்கிழம ஃபெயில். செவ்வாக்கிழம ஃபெயில். புதன்கிழமையும் ஃபெயில். காரணம் கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. உள்ள ஜில்லுனு கீதான்னு பாக்கறதுக்கு ஒவ்வொரு துறையா வந்து கதவ தொறந்தாங்க. புதன்கிழம மட்டும் அறுவத்தியோரு வாட்டி. ஏசியும் பாவம், கும்மிடிப்பூண்டியவே குளிர வெக்கப் பாத்துச்சு.

பிரேமா போன் பண்ணா.

"அண்ணா, வருவியா மாட்டியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"இருபத்துநாலு டிகிரி வந்தா வருவேம்மா."

"இன்னாண்ணா ஒளர்ற? ஜுரமா?"

"எனக்கில்ல, வண்டிக்கு."

"எனக்கு அண்ணன் கீறானா, இல்ல ஏசி மிஷினு கீதான்னு மாப்ள ஊட்டுல கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" போன வெச்சிட்டா. அழுதாளா கோவப்பட்டாளான்னு தெரியல. அவ ரெண்டையும் ஒண்ணாதான் பண்ணுவா.

வியாழக்கிழம. கடைசி சான்ஸ். மறுநாள் மத்தியானம் வெளிநாட்டுக்காரங்க வராங்க, அதனால கம்பெனிக்கும் கடைசி சான்ஸ்தான். ஸ்ரீவத்ஸன் சார் ஒரு முடிவு பண்ணாரு: கதவ தொறந்தாதான பிரச்சன, சாட்சிங்க உள்ளயே உக்காந்துக்கலாம். மூணு பேரும் உள்ள போனாங்க. கதவுக்கு பேப்பர் ஒட்டி சீலு வெச்சோம். டிரைவர் சீட்டுக்கும் உள் ரூமுக்கும் நடுவுல கண்ணாடி. அத தொறந்தாலும் ஃபெயில். அதனால பேச்செல்லாம் போன்ல, இல்லாட்டி வாட்ஸப் குரூப்புல.

உள்ள போறதுக்கு முன்னாடி ஸ்ரீவத்ஸன் சார் ரெண்டு நிமிஷம் பேசுனாரு. "நமக்கு ஜில்லுனு இருக்கணும்னு முக்கியம் இல்ல. ஜில்லுனு இருந்துதுன்னு நிரூபிக்கணும். அதான் தரம்." மூணு பேரும் கை தட்டுனாங்க. அதுல ஒருத்தர் அவரேதான்.

ஒரு மணிக்கு ஆரம்பிச்சோம். டிகிரி காட்டற மீட்டரு என் சீட்டு முன்னால. இருபத்திமூணு டிகிரி. கெட்டில நான் ஏற்கனவே கழட்டி என் சீட்டுக்கு கீழ வெச்சிட்டேன். ப்ரொசீஜர்ல கெட்டில போடக் கூடாதுன்னுதான் கீது, கழட்டக் கூடாதுன்னு இல்ல.

ரெண்டு மணிக்கு வெளி பிளக்குல கரண்டு போச்சு. போன் பண்ணி கேட்டா, மின்சார சிக்கன வாரமாம். சிக்கனத்த எங்கனா காட்டணும்னு ஃபர்னஸ்காரங்க இந்த ஒரு பிளக்க புடுங்கிட்டாங்க. பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும். வேணுன்றது மூணு.

"சார், இன்ஜின் ஓடுனா பேட்டரி ஏறும். ஸ்டார்ட் பண்ணி விட்டுடறேன்."

ஜோஷ்வா சார் பதறிட்டாரு. "நிக்கற வண்டில இன்ஜின் மூணு நிமிஷத்துக்கு மேல ஓடக் கூடாதுப்பா! சேஃப்டி விதி. விபத்து நடந்தாகூட பரவால்ல, விதிக்குள்ள நடக்கணும்."

"அப்ப ஓடற வண்டில ஓடலாமா சார்?"

உள்ள மூணு தலையும் ஒண்ணா சேந்துச்சு. பக்கத்த பொரட்டுனாங்க. குரூப்புல மெசேஜ் வந்துச்சு: 'ஓடும் வாகனத்திற்கு இவ்விதி பொருந்தாது. அங்கீகரிக்கப்பட்டது.'

சரின்னு ஓட்ட ஆரம்பிச்சேன். கம்பெனிக்குள்ள பத்து கிலோமீட்டர் வேகம்தான். ஃபர்னஸ் ஷெட்டு, கேன்டீன், ஸ்கிராப் யார்டு, மறுபடி ஃபர்னஸ் ஷெட்டு. கோயில் தேரு மாதிரி சுத்தறேன். மூணாவது சுத்துல கேன்டீன் ஆளுங்க கும்புட்டாங்க. ஆறாவது சுத்துல ஃபர்னஸ் ஆளுங்க வேர்த்துப் போய் வெளிய நின்னு கண்ணாடி வழியா உள்ள பாத்தாங்க. கல்பனா மேடம் சால்வ போத்திக்கினு அவங்களுக்கு கை ஆட்டுனாங்க.

மூணு மணிக்கு ஷிப்ட்டு மாறும். அந்த அரை மணி உள் ரோட்டுல எந்த வண்டியும் ஓடக் கூடாது, ஆளுங்க நடப்பாங்க. நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது.

"வெளிய எடுக்கட்டுமா சார்?"

'டெஸ்ட் தொடர வேண்டும். வெளியே செல்லவும்'னு மெசேஜ் வந்துச்சு. முப்பத்தியேழுல அதுவும் ஒண்ணு.

கேட்டுல செக்யூரிட்டி லட்சுமியம்மாள் நின்னாங்க. அவங்கள தாண்டி ஒரு ஸ்க்ரூ கூட போவாது.

"இன்னா நைனா, சீலு வெச்சிகினு எங்க கெளம்பிட்ட? உள்ள இன்னா கீது?"

"ஆளுங்கக்கா. மேனேஜர், எச்.ஆரு, சேஃப்டி."

"சீலு வெச்சி கீதுன்னா அது சரக்கு. ஆளுன்னா எறங்கி கைரேக வெக்கணும்."

"எறங்குனா ஃபெயிலாயிடும்கா."

அவங்க கண்ணாடி வழியா எட்டி பாத்து எண்ணுனாங்க. "அப்ப சரக்குதான். திரும்பி வருமா வராதா?"

"வரும்கா."

பச்ச பேப்பர்ல கேட் பாஸு எழுதுனாங்க: 'உருப்படி மூணு. திரும்பி வரவேண்டியது. நெலம: பழசு.' ஸ்ரீவத்ஸன் சார் உள்ள இருந்து அந்த பாஸ படிச்சி பாத்து, நம்பர் சரியா கீதுன்னு கட்ட வெரல தூக்கி காட்டுனாரு.

நெடுஞ்சாலைல ஏறிட்டேன். நாலாவது கியர் போட்டதும் பேட்டரி கடகடன்னு ஏறுது. இருபத்திரெண்டு டிகிரி. எனக்கு பாட்டு வந்துச்சு, பாடுனேன். எங்க போணும்னு யாரும் சொல்லல. நாப்பத்தியாறு பக்கத்துலயும் ரூட்டு எழுதல. தச்சூர் கூட்ரோடு வந்துச்சு. நேரா போனா சென்ன. லெஃப்ட்டுல திரும்புனா பொன்னேரி, அதுக்கப்பால பழவேற்காடு. என் கை தானா லெஃப்ட்டுல ஒடிச்சிடுச்சு.

பொன்னேரி தாண்டுன அப்புறம்தான் ஸ்ரீவத்ஸன் சாரு போன்.

"அருணகிரி, வெளில தண்ணியா தெரியறதே?"

"ஏரி சார். பழவேற்காடு."

"இது நம்ம சிப்காட் இல்லையே!"

"ஆமா சார். கதவ தொறக்கட்டுமா? எறங்கி பாருங்க."

பக்கம் பொரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, "வேண்டாம். டிகிரி எவ்ளோ?"

"இருபத்திரெண்டு சார்."

"ஓட்டு."

பின்னால கல்பனா மேடம் கேக்கறது போன்ல கேட்டுச்சு: "இப்போ இவருக்கு இது லீவா, டியூட்டியா?" ஜோஷ்வா சாரு, "மேடம், பறவை! பறவை பாருங்க, செவப்பு காலு!" அப்டின்னாரு. அந்த மனுஷன் சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

நாலே முக்காலுக்கு எங்க குப்பத்துக்குள்ள நொழஞ்சேன். பந்தல் போட்டு மைக்கு செட்டு அலறுது. அஞ்சு மணி ஆவற வரிக்கும் நிக்கக் கூடாதே, பந்தல சுத்தி வந்துக்கினே இருந்தேன். குப்பத்து பசங்க எல்லாம் பின்னாலயே ஓடி வராங்க. மாப்ள ஊட்டுக்காரங்க, பொண்ணோட அண்ணன் சீர்வரிசைக்கு ஏசி ஊடே ஓட்டினு வந்துட்டான்னு தேங்கா ஒடைக்க தயாரா நின்னாங்க.

அஞ்சு மணி. இருபத்திமூணு டிகிரி. பாஸு.

சீல கிழிச்சி கதவ தொறந்தேன். மூணு பேரும் எறங்குனாங்க. மேள சத்தம், மீன் காயற வாசன, மூஞ்சில அனலு. ஆளுக்கு ஒரு மால விழுந்துச்சு. ஸ்ரீவத்ஸன் சாரு மாலையோட அப்டியே நின்னு பேப்பர்ல கையெழுத்து போட்டாரு.

"சரி, இப்போ திரும்பிடலாமா?"

லட்சுமியம்மாளுக்கு போன் போட்டேன். "ஆறு மணிக்கு மேல திரும்பி வர்ற சரக்க எடுக்க மாட்டோம் நைனா. ஸ்டோர்ஸ் பூட்டிடும். காலைல கொண்டா."

"பஸ் புடிச்சி அவங்கவங்க ஊட்டுக்கு போயிடுங்களேன் சார்," நான்தான் சொன்னேன்.

அவரு என்ன பாத்த பார்வ இருக்கே! "பாஸ் குளோஸ் ஆகாத சரக்கு வேற எடத்துக்கு போகக் கூடாது. அந்த ப்ரொசீஜர எழுதினதே நான்தான்ப்பா."

பிரேமா பந்தலுக்குள்ள இருந்து ஓடி வந்தா. என் முதுகுல பொளேர்னு ஒண்ணு வெச்சா. அப்புறம் வண்டிக்குள்ள தலைய வுட்டு பாத்தா.

"அண்ணா, இன்னா ஜில்லு! நான் இங்கதான் பொடவ கட்டிக்குவேன். மேக்கப் வழியாது. இந்த மூணு பேரும் யாரு, கேட்டரிங்கா?"

"எங்க கம்பெனி பெரியவங்கம்மா."

"வாங்க சார், வாங்கக்கா. ஏன் மாலைய புடிச்சிக்கினே நிக்கறீங்க? கழட்டி வெச்சிட்டு உக்காருங்க."

யாரு கழட்டலாம், எப்ப கழட்டலாம்னு மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க.

மறுநாள் காலைல ஆறே முக்காலுக்கு பிரேமா கைய புடிச்சி மணவறைக்கு கூட்டினு போனேன். ஏழு பத்துக்கு தாலி கட்டுனாங்க. ஸ்ரீவத்ஸன் சாரு ரெண்டாவது பந்தில மூணு இட்லி சாப்ட்டாரு. பத்தே காலுக்கு வண்டிய கேட்டுக்கு கொண்டு வந்தேன். லட்சுமியம்மாள் மூணு உருப்படியையும் எண்ணி, பச்ச பேப்பர்ல டிக் அடிச்சு, உள்ள எடுத்துக்கினாங்க. அந்த பேப்பர்ல என் பேரு இல்ல. என்ன எடுக்கல. அதான் இப்ப குஜராத்து.